ஈகர் லோடிங் எழுதியும் சரியாகவில்லையா? அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

கட்டுரைப் பட்டியல் ஒன்றைக் காட்டும் பக்கம். இருபது கட்டுரைகள், ஒவ்வொரு தலைப்பின் கீழும் எழுதியவர் பெயர். அவ்வளவுதான். ஆனால் பக்கம் திறக்க முக்கித் திணறுகிறது. தரவுத்தளத்துக்குப் போகும் வினவல்களை, அதாவது கேள்விகளை, எழுதி வைக்கும் லாக்கைத் திறந்து பார்த்தால் இப்படி ஓடுகிறது:

செலக்ட் * ஃப்ரம் கட்டுரைகள் லிமிட் 20
செலக்ட் * ஃப்ரம் எழுத்தாளர்கள் வேர் ஐடி = 7
செலக்ட் * ஃப்ரம் எழுத்தாளர்கள் வேர் ஐடி = 3
செலக்ட் * ஃப்ரம் எழுத்தாளர்கள் வேர் ஐடி = 7
செலக்ட் * ஃப்ரம் எழுத்தாளர்கள் வேர் ஐடி = 12

இப்படியே இருபது தடவை. ஏழாம் எண் எழுத்தாளரை ஒரு நொடி முன்புதான் கேட்டோம், மறுபடியும் கேட்கிறது. பட்டியலுக்கு ஒரு வினவல், அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் இன்னொரு வினவல்: என் பிளஸ் ஒன் என்று எல்லோரும் சொல்லும் சிக்கல் இதுதான். மருந்தும் எல்லோருக்கும் தெரியும்: தொடர்புடைய தரவை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும், அதாவது ஈகர் லோடிங். ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல், ஹைபர்நேட், எஸ்கியூஎல்ஆல்கெமி, என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர், சீக்வலைஸ் என்று, தரவுத்தளப் பதிவுகளை நிரலின் பொருள்களாக மாற்றித் தரும் எந்த நூலகத்தை எடுத்தாலும் அதற்கு ஒரு வரி இருக்கிறது.

அந்த வரியை எழுதிய பிறகும் சரியாகாதபோது, அல்லது இது சரியாகி வேறொன்று கெட்டுப்போகும்போது என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் எஸ்கியூஎல்லைப் பாருங்கள்

குறியீட்டில் கை வைப்பதற்கு முன், தரவுத்தளத்துக்கு உண்மையில் என்ன போகிறது என்று பார்த்தாக வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு ஊகத்தில் திருத்துகிறவர்கள் அரை நாளை இழப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எஸ்கியூஎல்ஆல்கெமியில் எஞ்சினை உருவாக்கும்போது எக்கோ என்பதை ட்ரூ ஆக்கினால் போதும். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் லாக்டு, ஜாங்கோவில் டீபக் டூல்பார், லாராவெலில் டிபி லிசன், ஹைபர்நேட்டில் அதன் எஸ்கியூஎல் லாகர். ரெயில்ஸ் டெவலப்மென்ட் லாக்கிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறது.

பார்க்கும்போது இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை வினவல்கள் போயின? எத்தனை வரிசைகள் திரும்பி வந்தன? பிறகு பட்டியலின் அளவைப் பத்திலிருந்து இருபதாக மாற்றி மறுபடி எண்ணுங்கள். வினவல் எண்ணிக்கையும் கூடவே ஏறினால் ஈகர் லோடிங் எங்கோ வேலை செய்யவில்லை. அது அசையாமல் நின்று, வரிசைகள் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகினால் நோய் வேறு.

இன்னொன்றையும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஈகர் லோடிங் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, ஜாயின் போட்டு, அதாவது அட்டவணைகளை இணைத்து, ஒரே வினவலில் எல்லாவற்றையும் கொண்டுவருவது. மற்றொன்று, முதலில் தாய்ப் பதிவுகளை எடுத்து, அவற்றின் ஐடிகளை ஒரு இன் பட்டியலில் ('இவற்றில் ஏதேனும் ஒன்று' என்று கேட்கும் பட்டியல்) வைத்து, சேய்ப் பதிவுகளை இரண்டாவது வினவலில் எடுத்து நினைவகத்தில் பொருத்துவது. ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட் முதல் வகை, பிரீஃபெட்ச் ரிலேட்டட் இரண்டாம் வகை. ரெயில்ஸில் ஈகர்லோட் முதல் வகை, பிரீலோட் இரண்டாம் வகை. இன்க்ளூட்ஸ் என்பது சூழலைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கும். எஸ்கியூஎல்ஆல்கெமியில் ஜாயின்ட்லோட், செலக்ட்இன்லோட். லாராவெலின் வித் எப்போதும் இரண்டாம் வகைதான். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் எது நடக்கிறது என்று தெரியாமல் எழுதியதால் வருபவை.

அறிகுறி: எழுதிவிட்டேன், ஆனாலும் வினவல்கள் குறையவில்லை

அதிகம் பேரை அலைக்கழிப்பது இது. காரணங்களும் பல.

முதல் சந்தேகம் விழ வேண்டிய இடம், தரவைப் பயன்படுத்தும் வரி. முன்கூட்டி எடுத்து வைத்த தொகுப்பின் மேல் மறுபடி வடிகட்டி போட்டால், பெரும்பாலான நூலகங்கள் புதிய வினவலையே அனுப்பும். ஜாங்கோவில் கருத்துகளை பிரீஃபெட்ச் செய்துவிட்டு, சுற்றுக்குள் கட்டுரையின் கருத்துகளை ஆல் என்று கேட்டால் கையிருப்பிலிருந்து வரும்; ஃபில்டர் என்று கேட்டால் தரவுத்தளத்துக்கு ஓடும். எடுத்து வைத்தது வீண், அதற்கு ஆன செலவும் கூடுதல். ரெயில்ஸில் கவுன்ட் எப்போதும் வினவல் அனுப்பும். சைஸ் என்று எழுதினால் ஏற்றப்பட்டதை எண்ணிச் சொல்லிவிடும். லாராவெலில் ஒரு ஜோடி அடைப்புக்குறிதான் வித்தியாசம்: கமென்ட்ஸ் என்று பொருளின் ப்ராப்பர்ட்டியாகக் கேட்டால் கையிருப்பு, அடைப்புக்குறியோடு மெத்தடாகக் கேட்டால் புதிய வினவல். கண்ணுக்குச் சட்டென்று படாத அந்த அடைப்புக்குறிக்காக ஒரு மாலை முழுவதும் டெம்ப்ளேட்டை வரி வரியாகப் படித்த அனுபவம் எனக்கு உண்டு. கன்ட்ரோலரில் எல்லாம் சரியாக இருந்தது. டெம்ப்ளேட்டின் அடியில், 'அங்கீகரிக்கப்பட்ட கருத்துகள்' என்று எண்ணிக் காட்டும் ஒரு சிறிய துண்டுதான் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வினவல் அனுப்பிக்கொண்டிருந்தது.

இதற்குச் சரியான மருந்து, வடிகட்டியை எடுக்கும் இடத்துக்கே கொண்டுபோவது. ஜாங்கோவில் பிரீஃபெட்ச் என்ற பொருளை உருவாக்கி, அதற்குள் வடிகட்டிய குவரிசெட்டைக் கொடுத்து, டு ஆட்ரிப்யூட் மூலம் தனிப் பெயரில் வாங்கிக்கொள்ளலாம். தனிப் பெயர் முக்கியம். 'கருத்துகள்' என்ற பொதுப் பெயருக்குள் வடிகட்டிய பாதி மட்டும் உட்கார்ந்திருந்தால், அடுத்து அந்தக் குறியீட்டைத் தொடுகிறவர் அதை முழுத் தொகுப்பு என்றே நம்புவார்.

இரண்டாவது சந்தேகம், ஒரு படி ஆழம். கட்டுரையோடு எழுத்தாளரை எடுத்தீர்கள். பக்கமோ எழுத்தாளரின் படத்தையும் காட்டுகிறது, படம் வேறொரு அட்டவணையில் இருக்கிறது. லாக்கில் எந்த அட்டவணையின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். நீங்கள் எடுத்த அட்டவணையாக அது இருக்காது. தென்இன்க்ளூட், இரட்டை அடிக்கோடு, புள்ளி வைத்த பாதை என்று ஒவ்வொரு நூலகத்திலும் அடுத்த படிக்கு ஒரு வழி உண்டு. ஜேசனாக மாற்றும் சீரியலைசர்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்காமலே ஒரு படி இறங்கிப் பார்க்கும்.

மூன்றாவது, ஜேபிஏ (ஹைபர்நேட் பின்பற்றும் ஜாவா தர வரையறை) பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும். மெனி டு ஒன் தொடர்பின் (பல கட்டுரைகளுக்கு ஒரு எழுத்தாளர் போன்றது) இயல்பு மதிப்பே ஈகர்தான். 'ஈகர் என்றுதானே இருக்கிறது, பிறகு ஏன் இத்தனை வினவல்?' என்று கேட்பார்கள். ஐடியைக் கொடுத்து ஒரு பதிவை எடுக்கும்போது ஹைபர்நேட் ஜாயின் போடும். ஆனால் நீங்களே ஜேபிக்யூஎல் (ஜேபிஏவின் வினவல் மொழி) எழுதினால், எழுதியதை எழுதியபடி அனுப்பிவிட்டு, ஈகர் என்ற வாக்கைக் காப்பாற்ற ஒவ்வொன்றுக்கும் தனி வினவல் அனுப்பும். ஈகர் என்பது எப்போது வர வேண்டும் என்றுதான் சொல்கிறது. எப்படி வர வேண்டும் என்று சொல்வதில்லை. எல்லாவற்றையும் லேஸி, அதாவது கேட்கும்போது மட்டும் எடுப்பது, ஆக்கிவிட்டு, தேவைப்படும் வினவலில் மட்டும் ஜாயின் ஃபெட்ச் எழுதுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: பிழை எதுவும் இல்லை, ஆனால் தொடர்பு காலியாக வருகிறது

என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் லேஸி லோடிங் இயல்பாகவே அணைந்திருக்கும். இன்க்ளூட் எழுத மறந்தால் எச்சரிக்கை வராது. எழுத்தாளர் இருக்க வேண்டிய இடத்தில் நல், அதாவது வெற்று மதிப்பு, நிற்கும். அதைவிடக் குழப்பமானது, மறந்தும் சில சமயம் சரியாக வந்துவிடுவது. அதே கான்டெக்ஸ்டில் (தரவுத்தளத்தோடு வேலை செய்யும் பொருள்) அந்த எழுத்தாளர் முன்பே ஏற்றப்பட்டிருந்தால், ஏற்றியவற்றைக் கண்காணிக்கும் சேஞ்ச் டிராக்கர் கட்டுரையையும் அவரையும் தானாக இணைத்துவிடும். சோதனையில் தேறி, நேரலையில் விழுவது இப்படித்தான்.

ஜாயின் செய்வதும் ஏற்றுவதும் ஒன்றல்ல. ரெயில்ஸின் ஜாயின்ஸ், லாராவெலின் வேர்ஹேஸ், டைப்ஓஆர்எம்மின் லெஃப்ட்ஜாயின் ஆகியவை வடிகட்ட மட்டுமே உதவும். பொருளுக்குள் எதையும் நிரப்பாது. டைப்ஓஆர்எம்மில் லெஃப்ட்ஜாயின்அண்ட்செலக்ட் என்று எழுதினால்தான் நிரம்பும்.

லாராவெலில் இன்னொரு பொறி உண்டு. நெடுவரிசைகளைக் குறைக்கலாம் என்று ஐடியும் தலைப்பும் மட்டும் செலக்ட் செய்திருப்பீர்கள். எழுத்தாளரைச் சுட்டும் ஃபாரின் கீ அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டு வினவல் வகையில் பொருத்தும் வேலை நினைவகத்தில் நடக்கிறது. பொருத்துவதற்கான சாவியே வரவில்லை என்றால் எழுத்தாளர் இடத்தில் நல் மதிப்புதான் இருக்கும். எந்த நூலகமானாலும், நெடுவரிசைகளைக் கைப்படத் தேர்ந்தெடுத்தால் இரு பக்கச் சாவிகளையும் சேர்த்தே எடுங்கள்.

அறிகுறி: கருத்தே இல்லாத கட்டுரைகள் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டன

'அங்கீகரிக்கப்பட்ட கருத்துகளோடு எல்லாக் கட்டுரைகளும்' என்று கேட்டீர்கள். வந்தது 'அங்கீகரிக்கப்பட்ட கருத்து உள்ள கட்டுரைகள் மட்டும்.' லாக்கில் லெஃப்ட் ஜாயின் என்றே இருக்கும், அதனால்தான் கண் ஏமாறும். நிபந்தனை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆன் பகுதியில் (ஜாயினுக்கான நிபந்தனை) நின்றால் கருத்து இல்லாத கட்டுரை நல் மதிப்போடு தப்பிக்கும். வேர் பகுதியில் (முடிவை வடிகட்டும் நிபந்தனை) நின்றால், நல் எந்த மதிப்புக்கும் சமமாகாது என்பதால் அந்த வரிசை விழுந்துவிடும். லெஃப்ட் ஜாயின் இன்னர் ஜாயினாகவே நடந்துகொள்ளும்.

சீக்வலைஸில் இன்க்ளூடுக்குள் வேர் எழுதினாலே ரிக்வயர்ட் என்பது ட்ரூ ஆகிவிடும். தாய்ப் பதிவுகள் எல்லாம் வேண்டுமென்றால் அதை நீங்களே ஃபால்ஸ் ஆக்க வேண்டும். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில், நீக்கப்பட்டவர்களை மறைக்க எழுத்தாளர் மேல் ஒரு பொது வடிகட்டி போட்டிருந்து, அந்தத் தொடர்பு கட்டாயத் தொடர்பாகவும் இருந்தால், இன்க்ளூட் சேர்த்ததும் அவர்களுடைய கட்டுரைகளும் சேர்ந்தே மறையும்.

இதன் உடன்பிறப்பு இன்னும் ஆபத்தானது. ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ் எழுதி, கருத்துகள் அட்டவணையின் மேல் வேர் போட்டால், அது ஜாயின் வகைக்கு மாறும். கட்டுரைக்குள் இருக்கும் கருத்துத் தொகுப்பில் வடிகட்டியவை மட்டுமே இருக்கும். ஹைபர்நேட்டில் ஜாயின் ஃபெட்ச் செய்ததன் மேலேயே வேர் போட்டாலும் அதேதான். பொருளோ தன்னிடம் முழுத் தொகுப்பு இருப்பதாக நம்புகிறது. படிக்க மட்டும் என்றால் பிழைத்தோம். அதைத் திருத்திச் சேமிக்கும் பாதையில் இப்படி ஒரு பாதித் தொகுப்பைக் கையில் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: ஒரே கட்டுரை பலமுறை வருகிறது, பக்கத்துக்கு இருபது கேட்டால் ஆறுதான் வருகிறது

கட்டுரைக்கு மூன்று கருத்துகள் இருந்தால் ஜாயின் மூன்று வரிசைகளைத் தரும். அந்த வரிசைகளின் மேல் லிமிட் 20 போட்டால் கிடைப்பது இருபது வரிசைகள். கட்டுரைகள் ஆறோ ஏழோ. எஸ்கியூஎல் தவறு செய்யவில்லை. லிமிட் வரிசைகளை எண்ணுகிறது, நாம் கட்டுரைகளை எண்ணுகிறோம்.

நூலகங்கள் இதை வெவ்வேறு விதமாகச் சமாளிக்கின்றன. எஸ்கியூஎல்ஆல்கெமியின் ஜாயின்ட்லோட், லிமிட்டைக் கண்டால் கட்டுரை வினவலை உள்வினவலாகச் சுற்றி, அதற்கு வெளியே ஜாயின் போடும். 2.0 பாணியில் எழுதினால், தொகுப்பை ஜாயினில் எடுத்த முடிவின் மேல் யுனிக் என்று நீங்கள் சொல்லாதவரை பிழை காட்டி நிற்கும். அது நல்ல பழக்கம். சீக்வலைஸும் உள்வினவல் போடும். ஆனால் மேல்மட்ட வேர் பகுதியில் கருத்துகளின் நெடுவரிசையைச் சுட்டினால், அந்த நெடுவரிசை தெரியவில்லை என்று பிழை வரும். சப்குவரியை ஃபால்ஸ் ஆக்கினால் பிழை போய்விடும். பக்கக் கணக்கு தவறிவிடும். அந்தத் தீர்வைக் கண்டதும் நிம்மதியடைந்து அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

ஹைபர்நேட் செய்வதுதான் அதிகம் கவனிக்க வேண்டியது. தொகுப்பை ஜாயின் ஃபெட்ச் செய்து பக்கமும் பிரித்தால், லிமிட்டை எஸ்கியூஎல்லில் சேர்க்காமல் எல்லா வரிசைகளையும் இழுத்து, நினைவகத்தில் வெட்டித் தரும். முடிவு சரியாகவே இருக்கும். லாக்கில் ஒரு எச்சரிக்கை மட்டும் இருக்கும்; பழைய பதிப்புகளில் அதன் எண் எச்எச்எச்000104. சில நூறு பதிவுகள் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. லட்சக்கணக்கில் ஆனதும் சர்வர் நினைவகம் தீர்ந்து விழும். இந்த எச்சரிக்கையைப் பிழையாகவே மாற்றிவிடும் அமைப்பு ஹைபர்நேட்டில் இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள்.

எந்த நூலகத்திலும் வேலை செய்யும் வழி ஒன்று உண்டு: முதல் வினவலில் இருபது கட்டுரைகளின் ஐடிகளை மட்டும் லிமிட்டோடு எடுங்கள். இரண்டாவதில் அந்த ஐடிகளுக்கான கட்டுரைகளைத் தொடர்புகளோடு எடுங்கள். இரண்டாவதிலும் ஆர்டர் பை எழுத மறக்காதீர்கள். இன் பட்டியலின் வரிசைப்படிதான் பதிவுகள் வரும் என்று எந்தத் தரவுத்தளமும் உறுதி தருவதில்லை.

அறிகுறி: வினவல் ஒன்றே ஒன்று, ஆனால் முன்பைவிட மெதுவாக இருக்கிறது

இருபது கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் 50 கருத்துகள், 8 குறிச்சொற்கள். கருத்து, குறிச்சொல் இரண்டையும் ஜாயின் வகையில் எடுத்தால் ஒரு கட்டுரைக்கு 50 × 8 = 400 வரிசைகள், மொத்தம் 8,000. தனித்தனி வினவல்களில் எடுத்திருந்தால் 20 + 1,000 + 160 = 1,180. வித்தியாசம் அதோடு நிற்கவில்லை. ஜாயினில் ஒவ்வொரு வரிசையும் கட்டுரையின் முழு உரையைச் சுமந்து வருகிறது. உரை 20 கிலோபைட் என்றால், 400 கிலோபைட்டில் முடிந்திருக்க வேண்டியது 160 மெகாபைட்டாகக் கம்பியில் ஓடுகிறது. பிறகு நூலகம் உட்கார்ந்து அந்த 8,000 வரிசைகளிலிருந்து இருபது கட்டுரைகளைப் பொறுக்கி எடுக்கிறது.

ஒரே மட்டத்தில் இரண்டு தொகுப்புகளை ஜாயினில் எடுக்காதீர்கள். ஒற்றைத் தொடர்புக்கு, அதாவது கட்டுரைக்கு எழுத்தாளர் போன்றதற்கு, ஜாயின் அருமையானது. தொகுப்புகளுக்குத் தனி வினவல்: செலக்ட்இன்லோட், பிரீஃபெட்ச் ரிலேட்டட், சீக்வலைஸில் செப்பரேட். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் 5.0 பதிப்பிலிருந்து ஆஸ்ஸ்ப்ளிட்குவரி. இதில் ஒரு கவனம்: வினவல்கள் தனித்தனியாகப் போவதால், இடையில் யாராவது தரவை மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். பணக்கணக்கு போன்ற இடங்களில் தகுந்த டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்தே எடுங்கள்.

ஹைபர்நேட் இந்த இடத்தில் மல்டிபிள் பேக் ஃபெட்ச் எக்ஸெப்ஷன் என்று மறுத்து நிற்கும். லிஸ்ட்டை செட் ஆக மாற்றினால் அந்தப் பிழை போய்விடும் என்ற அறிவுரை பரவலாக உண்டு. பிழை போகும், 8,000 வரிசைகள் போகாது. நூலகம் தந்த நல்ல எச்சரிக்கையின் வாயை அடைத்ததுதான் மிச்சம்.

அறிகுறி: செஷன் (தரவுத்தளத்தோடு பேசும் அமர்வு) இல்லை என்று பிழை

ஹைபர்நேட்டில் லேஸி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன், எஸ்கியூஎல்ஆல்கெமியில் டிட்டாச்ட் இன்ஸ்டன்ஸ் எரர், அதையே அசிங்க் முறையில் பயன்படுத்தினால் மிஸ்ஸிங் கிரீன்லெட். மூன்றும் சொல்வது ஒன்றே: முன்கூட்டி எடுக்காத எதையோ, எடுக்க முடியாத இடத்தில் கேட்கிறீர்கள். கேட்கப்பட்ட தொடர்பின் பெயர் பெரும்பாலும் பிழைச் செய்தியிலேயே இருக்கும். அதை வினவலில் சேர்த்தால் முடிந்தது. டெம்ப்ளேட் முடியும்வரை செஷனைத் திறந்தே வைப்பது பிழையை மறைக்கும், என் பிளஸ் ஒன்னைத் திரும்பக் கூட்டிவரும்.

எஸ்கியூஎல்ஆல்கெமியில் மட்டும் ஒரு தனிக் காரணம் உண்டு. கமிட் ஆனதும், அதாவது மாற்றங்கள் தரவுத்தளத்தில் நிலைபெற்றதும், பொருள்களின் மதிப்புகள் காலாவதியாகிவிடும். எக்ஸ்பயர் ஆன் கமிட் என்பது இயல்பாகவே ட்ரூ. ஈகர் லோடிங் சரியாக எழுதியிருந்தும், கமிட்டுக்குப் பிறகு படித்தால் மறுபடி தரவுத்தளம் தேவைப்படும்.

சில சிறிய அறிகுறிகள்

தரவு பெருகிய பிறகு, அளவுருக்கள் (வினவலோடு அனுப்பும் மதிப்புகள்) அதிகம் என்று பிழை வந்தால் இன் பட்டியல் நீண்டுவிட்டது. எஸ்கியூஎல் சர்வர் ஒரு வினவலுக்கு 2,100 அளவுருக்கள் வரைதான் ஏற்கும். ஆரக்கிளில் இன் பட்டியலுக்கு 1,000 என்ற எல்லை நெடுங்காலமாக இருந்தது. செலக்ட்இன்லோட் தானே 500 ஐநூறாகப் பிரித்துக்கொள்ளும். உங்கள் நூலகம் பிரிக்காவிட்டால் நீங்கள் துண்டு துண்டாக எடுங்கள். ஒரு பக்கத்துக்கு இத்தனை ஐடிகள் உண்மையில் தேவையா என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசி மூன்று கருத்துகள் என்று கேட்டு, மொத்தமாகவே மூன்றுதான் வந்தால், லிமிட் அந்த இரண்டாவது வினவல் முழுவதற்கும் சேர்ந்து விழுந்திருக்கிறது. லாராவெலில் 11ஆம் பதிப்புக்கு முன் இப்படித்தான் நடக்கும். ரோ நம்பர் விண்டோ ஃபங்க்‌ஷனைப் பயன்படுத்தி, கட்டுரைவாரியாகப் பிரித்து எண்ணி எடுப்பதே வழி.

ஜாங்கோவில் பதிவுகளைத் துண்டு துண்டாக எடுக்க இட்டரேட்டர் பயன்படுத்தும்போது பிரீஃபெட்ச் வேலை செய்யவில்லையா? 4.1க்கு முன் அது சத்தமில்லாமல் புறக்கணிக்கப்பட்டது. அதற்குப் பின் சங்க்சைஸ் கொடுத்தால் வேலை செய்யும்.

திருத்தியது மறுபடி கெடாமலிருக்க

இன்று குறைத்த வினவல்கள், அடுத்த மாதம் யாரோ டெம்ப்ளேட்டில் ஒரு வரி சேர்த்ததும் திரும்பிவிடும். லேஸி லோடிங் நடந்தால் சத்தம் போடச் சொல்லும் வசதி இப்போது பல நூலகங்களில் இருக்கிறது: ரெயில்ஸில் 6.1 முதல் ஸ்ட்ரிக்ட் லோடிங், லாராவெலில் பிரிவென்ட் லேஸி லோடிங், எஸ்கியூஎல்ஆல்கெமியில் ரெய்ஸ்லோட். டெவலப்மென்டிலும் சோதனையிலும் இதைப் பிழையாக வையுங்கள். நேரலையில் லாக்கில் எழுத மட்டும் விடுங்கள், வாசகருக்குப் பக்கம் உடையக் கூடாது.

ஜாங்கோவில் வினவல்களை எண்ணிச் சோதிக்க அசெர்ட் நம் குவரிஸ் இருக்கிறது. அதை எழுதும்போது ஒரே ஒரு கட்டுரையை வைத்துச் சோதிக்காதீர்கள். என் ஒன்றாக இருக்கும்போது என் பிளஸ் ஒன்னும் இரண்டே வினவல், சரியான ஈகர் லோடிங்கும் இரண்டே வினவல். குறைந்தது மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் வேறு எழுத்தாளர், அதில் ஒன்று கருத்தே இல்லாதது என்று வைத்துச் சோதியுங்கள்.